அரை மணி நேரச் சூடு

ஜூஜுவாடி மன்சூர் பாயின் பழைய சாமான் கடையில் ஜெபசீலி அந்தப் பழைய சிந்தசைசர் கீபோர்டை வாங்கியபோது அதில் ஏழு கட்டைகள் ஊமை. பெங்களூரில் மூடிப்போன ஏதோ ஒலிப்பதிவுக் கூடத்துச் சரக்கு. தீபாவளி போனஸ் மொத்தத்தையும் அதில் கொண்டுபோய்க் கொட்டினாள்.

"இது பாடாதும்மா, இப்பவே சொல்லிட்டேன். அப்புறம் எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது" என்றார் பாய். அவள் கேட்டால்தானே!

பதினோரு வருஷமாக சிப்காட் கம்பெனியில் சர்க்யூட் போர்டுக்கு ஈயம் வைக்கிறவள். உப்பிப்போன கெப்பாசிட்டர்களை மாற்றினாள். கட்டைகளுக்கு அடியில் பிடித்திருந்த பச்சைக் களிம்பை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள். நாலு மாதம் ஞாயிற்றுக்கிழமை ஓய்வு என்று ஒன்று அவளுக்கு இல்லை. கடைசியில் பாடியது பாருங்கள், அடிவயிறு அதிர்ந்தது! ஒரு குறைதான். இந்தக் காலத்துக் கீபோர்டு மாதிரி சுவிட்சைத் தட்டியதும் பாடாது. உள்ளே சூடேற அரை மணி நேரம் வேண்டும். அதற்குள் கை வைத்தால் சுருதி நழுவிக்கொண்டே போகும்.

இவ்வளவு பாடுபட்டது எதற்கு? எட்டு வருஷம் சபையில் கீபோர்டு வாசித்தவள் அவள். புதுப் பாஸ்டர் வந்தார், கூடவே அவருடைய மச்சினன் வெஸ்லினும் பளபளவென்று ஒரு கீபோர்டோடு வந்தான். "நீங்க பாட்டுக் குழுவுல நில்லுங்கக்கா" என்று அவளை ஓரங்கட்டிவிட்டான். அவள் விடாமல் சண்டை போட்டதில் பாஸ்டர் இறங்கிவந்தார். "ஈஸ்டருக்கு ஒரு பாட்டு உன் மெஷின்ல வாசிம்மா. சபைக்குப் பிடிச்சா அப்புறம் ரெண்டு பேரும் மாத்தி மாத்தி வாசிங்க."

ஈஸ்டர் அன்று எட்டு மணி ஆராதனைக்கு ஏழுக்கே வந்து சுவிட்சைப் போட்டாள். சுருதி சேர்த்து வைத்துவிட்டு, பாட்டுக் குழுவோடு ஜெபம் பண்ண உள்ளறைக்குப் போனாள். அந்த நேரம் பார்த்துப் பிரகாசம் அண்ணன் வந்தார். சபை மூப்பர், முப்பது வருஷம் ஃபேக்டரியில் சேஃப்டி பார்த்து ஓய்வு பெற்றவர். ஆள் இல்லாத இடத்தில் எது ஓடினாலும் அவருக்குப் பொறுக்காது. சுவரில் இருந்த சுவிட்சை அணைத்துவிட்டு நடந்தார்.

பிரசங்கம் முடிந்து அவள் பெயரைச் சொல்லி அழைத்தபோது மணி ஒன்பது. கிட்டே போனதும்தான் விளக்கு எரியாததைப் பார்த்தாள். ஐயோ! ஓடிப்போய்ச் சுவரில் இருந்த சுவிட்சைப் போட்டாள்.

"பாஸ்டர், இந்தப் பாட்டைக் கடைசிக்கு வெச்சிக்கலாங்களா? இது சூடாவணும்."

"தோசைக்கல்லாக்கா அது?" என்றான் வெஸ்லின், மைக்கிலேயே. சபை சிரித்தது.

"நேரமாச்சி, வாசிம்மா" என்றார் பாஸ்டர்.

வாசித்தாள். முதல் அடி தப்பித்தது. இரண்டாவது அடியில் சுருதி சரிந்தது, பாடுகிறவர்களும் சேர்ந்து சரிந்தார்கள். மூன்றாவது அடியில் வெஸ்லின் தன் கீபோர்டைத் தட்டிப் பாட்டைத் தூக்கி நிறுத்தினான். ஒரு பெண் அல்லேலூயா என்று கத்தியே விட்டாள். ஜெபசீலி மடியில் கையை வைத்துக்கொண்டு பாட்டு முடிகிறவரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

ஆராதனை முடிந்ததும் பிரகாசம் அண்ணன் தானாகவே வந்தார். "நான்தாம்மா அணைச்சேன். யாருமே இல்ல, அது பாட்டுக்கு ஓடிட்டிருந்துச்சி."

"நீங்களாண்ணா? வாங்க, இதை அப்படியே பாஸ்டர்கிட்ட சொல்லுங்க!" கையைப் பிடிக்காத குறையாக இழுத்துக்கொண்டு போனாள். மனுஷர் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். இனி நியாயம் கிடைத்துவிடும் என்று அவள் நிஜமாகவே நம்பினாள்.

பாஸ்டர் சிரித்தார். "அண்ணன் கண்ணுல இருந்து எதுவும் தப்பாது." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "கொஞ்ச நேரம் அணைச்சதுக்கே அழுவுற மெஷினை நம்பி ஆராதனை நடத்த முடியுமாம்மா? நீயே சொல்லு."

அவள் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"ஆனா உன் உழைப்பு வீணாவக் கூடாது" என்று சட்டைப்பையில் கைவிட்டு ஒரு சாவியை எடுத்தார். "நீதான் எல்லாருக்கும் முன்னாடி வர்ற ஆளு. அடுத்த வாரத்துல இருந்து நீயே கதவைத் திறந்து, வெஸ்லின் கீபோர்டுக்கு வொயரெல்லாம் மாட்டி ரெடியா வெச்சிடு."

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கை நீண்டு சாவியை வாங்கிக்கொண்டது. வெஸ்லின்மேல்கூட வராத ஆத்திரம் அந்தக் கைமேல் வந்தது.