சிலுப்பி

கணவர் பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பறவைப் புத்தகம் ஒன்று எழுதிக்கொண்டிருந்தார். படங்களை ஓர் இளம் ஓவியப்பெண் வரைந்தாள். அதிலிருந்து வீட்டில் எந்நேரமும் பறவைப் பேச்சுதான். மனைவி பல் மருத்துவமனை வேலைக்குக் கிளம்பும்போதே போன் அடிக்கும்.

"கழுத்து சாம்பல் நிறமா, புகை நிறமா?" என்று கேட்பார். அந்தப் பக்கம் ஓவியப்பெண் ஏதோ சொல்ல, இவர் வாய்விட்டுச் சிரிப்பார். மனைவியிடம் மட்டும், "சாவி எங்க?"

அவளுக்கு வயிறு எரிந்தது. ஒரு ஞாயிறன்று, "நானும் வர்றேன்" என்று அவர்கள் பறவை பார்க்கப் போகும் ஏரிக்குக் கிளம்பிவிட்டாள்.

கோரைக்குள் கொண்டை வைத்த சின்னப் பறவை ஒன்று நின்றது.

"இதுக்கு மட்டும் நம்ம மொழியில பேரே கிடைக்கலக்கா" என்று ஓவியப்பெண் கூந்தலைச் சிலுப்பினாள். கணவர் எது பேசினாலும் அவளிடமிருந்து ஒரு சிலுப்பு.

"சிலுப்பி" என்றாள் மனைவி வெடுக்கென்று. "எங்கம்மா ஊர்ல அப்படித்தான் சொல்வாங்க."

சுத்தப் பொய். அந்த நேரம் பார்த்துப் பறவை கொண்டையைச் சிலிர்த்து உதறியது.

"அச்சு அசல்!" என்று ஓவியப்பெண் துள்ளினாள்.

இவளுக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று தெரியாமல் அந்தப் பெண்ணே அந்தப் பேரைச் சொல்லித் திரிகிறாளே! குஷி ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. போனில் இப்போது சிலுப்பி கூடு, சிலுப்பி முட்டை. இவள் வாயில் பிறந்த வார்த்தையையும் அவர்கள் இருவரும் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

"அப்படி ஒரு பேரே கிடையாதுங்க" என்று கணவரிடம் வெடித்தாள். "அவ தலையை ஆட்டுறதைப் பார்த்து எரிச்சல்ல சொன்னேன்."

அவர் சிரிக்கவில்லை. "எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"எப்போ? நீங்க போனை வச்சாத்தானே?"

 அவர் இவளுடைய எரிச்சலை மறைத்து, பேர் வைத்தது மனைவிதான் என்று மட்டும் ஓவியப்பெண்ணிடம் சொல்லியிருக்கிறார். மறுநாள் போன் இவளுக்கு வந்தது.

"அக்கா, நீங்களே வச்சதாமே! அதையே போட்டுடலாம்னு சார் சொல்லிட்டார். இன்னும் சில பறவைங்க பேரில்லாம கிடக்கு, வாங்களேன்."

பொறாமை போய்விட்டதென்று சொல்ல முடியாது. ஆனாலும் ஏரிக்குப் போனாள். கணவர் கழுத்தில் கிடந்த பைனாகுலரைக் கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு, இருவருக்கும் நடுவில் நின்றாள்.

"நகருங்க ரெண்டு பேரும். எனக்கு மறைக்குது."