இரண்டு ரப்பர் வளையங்கள்

வியாழக்கிழமை காலை அந்தக் கார் பட்டறை வாசலில் வந்து நின்றபோது மெக்கானிக்குக் கொஞ்சம் வியப்பாக இருந்தது. கார் புதிதல்ல. போன சனிக்கிழமைதான் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி அனுப்பியிருந்தான். ஓட்டி வந்தது தையல்காரம்மா. முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற அவள் புருஷன் பக்கத்து இருக்கையில், பஸ்ஸில் இடம் கிடைத்த பயணி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அவர் இறங்கி, யாரையும் பார்க்காமல், வாசலில் கிடந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"என்னக்கா, அண்ணன் ஓட்டலயா?"

"சாவியையே தொட மாட்டேங்கறார் தம்பி." தையல்காரம்மா குரலைத் தாழ்த்தினாள். "கண் ஆபரேஷன் ஆகி மூணு மாசம் வீட்டுலயே அடைஞ்சு கிடந்தார். ஓட்டலாம்னு டாக்டர் சொன்னதும் ஞாயித்துக்கிழமை பொண்ணு வீட்டுக்குக் கிளம்பினோம். வழியில ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தாங்க. ஒரு கல்லு அடியில டங்குன்னு பட்டுச்சு. மறுநாள் பார்த்தா தரையெல்லாம் ஆயில். 'எனக்குக் கல்லு கூடத் தெரியல, இனிமே ஓட்ட மாட்டேன்'னு உக்காந்துட்டார்."

மெக்கானிக் எஞ்சினில் ஆயில் அளவு காட்டும் கம்பியை உருவிப் பார்த்தான். நுனி மட்டும்தான் நனைந்திருந்தது. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் எஞ்சின் இறுகியிருக்கும்.

காரை மேலே தூக்கி அடியில் போனான். முன்பக்கம் முழுக்க எண்ணெயில் குளித்திருந்தது. ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னால் இழுத்துக்கொண்டு போய் எங்கெங்கோ பூசிவிடும். ஈரம் இருக்கிற இடத்திலேயே ஓட்டை இருக்கும் என்று சொல்ல முடியாது. முதலில் ஆயில் தொட்டியைத் தடவினான். ஒரு கீறல் இருந்தது, ஆனால் தோலைச் சிராய்த்த மாதிரிதான். நெளியவில்லை, வெடிக்கவில்லை. தொட்டியின் போல்ட்டும் இறுக்கமாகத்தான் இருந்தது.

மண்ணெண்ணெய்த் துணியால் எல்லாவற்றையும் பளிச்சென்று துடைத்தான். குறைந்தபட்ச அளவுக்கு ஆயில் ஊற்றி எஞ்சினை ஓடவிட்டு, டார்ச்சோடு மறுபடி அடியில் நின்றான். ஐந்து நிமிடம் ஒன்றும் இல்லை. எஞ்சின் சூடேறியதும், ஃபில்டரின் கழுத்தில் ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. பிறகு இன்னொன்று.

அவனுக்கு அப்போதே புரிந்துவிட்டது. எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, ஃபில்டரைக் கழற்றினான். ஒரு ரப்பர் வளையம் ஃபில்டரோடு வந்தது. இன்னொன்று எஞ்சினில் ஒட்டிக்கொண்டிருந்தது. பழைய ஃபில்டரின் வளையம். சனிக்கிழமை அதை உரித்தெடுக்காமல் அதன் மேலேயே புதியதை மாட்டியிருக்கிறான். அன்றைக்கு இரண்டு வண்டிகள் வரிசையில் நின்றன. விரலை விட்டுத் தடவிப் பார்க்க அவனுக்கு அரை நிமிடம் கிடைக்கவில்லை.

பழைய வளையம் உள்ளங்கையில் சுருண்டு கிடந்தது. குப்பைத் தொட்டி கையெட்டும் தூரத்தில். 'கல்லு பட்டு லேசா லூஸாயிருக்கு, இறுக்கிட்டேன்' என்றால் கதை முடிந்தது. யார் கேட்கப் போகிறார்கள்? அவன் வாசலைப் பார்த்தான். நாற்காலியில் டிரைவர் முழங்கால்களைப் பிடித்துக்கொண்டு, போகிற வருகிற வண்டிகளின் சக்கரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வளையங்களையும் எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

"அண்ணே, ஒண்ணுதான் இருக்கணும். ரெண்டு இருந்துச்சு, அதான் ஃபில்டர் சரியா உக்காரல. பழசை எடுக்காம விட்டது நான். ஆயில் போனது என்னால. கல்லு சும்மா உரசிட்டுப் போயிருக்கு."

டிரைவர் வளையங்களை வாங்கி விரலில் உருட்டிப் பார்த்தார். தையல்காரம்மாதான் பொரிந்து தள்ளினாள்.

"நடு ரோட்டுல எஞ்சின் நின்னிருந்தா என்ன தம்பி பண்றது? நாலு நாளா இவர் சரியாச் சாப்பிடல, தெரியுமா?"

"தப்புதான்க்கா."

"தப்புதான்னா ஆச்சா?" என்றவள் சட்டென்று நிறுத்தினாள். புருஷன் பக்கம் திரும்பினாள். "நானும் 'வயசானா அப்படித்தான், விடுங்க'ன்னு சொல்லிட்டேன். உங்க மேல தப்பு இல்லன்னு ஒரு வார்த்தை என் வாயில வரலயே."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் டிரைவர். பிறகு மெக்கானிக்கிடம், "ஆனா கல்லு பட்டது பட்டதுதானே?"

"அந்த ரோட்டுல எனக்கும் போன வாரம் பட்டுச்சுண்ணே. எனக்கு ரெண்டு கண்ணும் நல்லாத்தான் இருக்கு."

டிரைவர் மீசைக்குள் சிரித்தார்.

மெக்கானிக் எஞ்சினில் ஃபில்டர் உட்காரும் இடத்தைத் துடைத்து, விரலால் இரண்டு தடவை தடவிப் பார்த்து, வேறு புது ஃபில்டரின் வளையத்தில் ஆயில் தடவி மாட்டினான். மீதி ஆயிலையும் ஊற்றினான். "ஒரு சுத்து ஓட்டிப் பாத்துட்டு வந்து அடியில பாக்கணும்" என்று சாவியை நீட்டினான். டிரைவர் மனைவியைப் பார்த்தார். அவள் பின் இருக்கையில் ஏறிக்கொண்டாள். மெக்கானிக் முன்னால் உட்கார்ந்தான்.

முதல் திருப்பத்தில் டிரைவரின் கழுத்து விறைத்திருந்தது. மார்க்கெட் நெரிசலில் ஒரு லாரி குறுக்கே மூக்கை நீட்டியபோது, "வாடா ராசா, நீயே போ" என்று வழிவிட்டார். பஸ் ஓட்டிய குரல் அது. பின்னால் தையல்காரம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. மெக்கானிக் திரும்பிப் பார்க்கவில்லை.

பட்டறைக்குத் திரும்பி, எஞ்சின் சூட்டோடு அடியில் பார்த்தார்கள். டிரைவரே குனிந்து ஃபில்டரைச் சுற்றித் துணியால் ஒற்றி எடுத்தார். துணி சுத்தமாக இருந்தது.

"நாளைக்கு மறுபடி ஒரு தடவை பாத்துக்கறேன் தம்பி," என்றார். "காலையில பொண்ணு வீடு வரைக்கும் போறோம். வர்ற வழியில வரேன்."

"அதே ரோடாண்ணே?"

"அதே ரோடுதான்."