லூபெனின் தாடைக்கு மூன்று தொடக்கங்கள்

1.

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறுவை மருத்துவர் ஒரு படிவத்தைக் கொடுத்து, நாளைக் காலைக்குள் என் கணவர் லூபெனிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார். நானோ அதை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, சமையலறையில் உட்கார்ந்து கதை எழுதுகிறேன்.

முதல் தொடக்கம்: ‘பல் மருத்துவர் அசென் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்; என் கணவரின் தாடை செத்துப்போனது.’

நல்ல வாக்கியம். குற்றவாளியும் தயார். (கதிர்வீச்சு வாங்கிய தாடையில் பல்லைப் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பு அழுகலாம். எந்தப் பல் மருத்துவருக்கும் தெரியும்.)

2.

இரண்டாவது தொடக்கத்தில் குற்றவாளி லூபெனே. முகவாயில் துளை விழுந்து சீழ் வடிகிறது. அவரோ வீட்டில் காய்ச்சிய ரக்கியாவால், அதாவது பிளம் பழச் சாராயத்தால், வாய் கொப்பளிக்கிறார்.

"எரியலையா?"

"எரிஞ்சாத்தான் கிருமி சாகும்."

"கொப்பளிச்சா துப்பணும், லூபென்!"

"நம்ம தோட்டத்துப் பிளம், ராட்கா. துப்ப மனசு வருமா?"

எலும்பு ஆறட்டும் என்று காற்றழுத்த அறைக்குள் படுத்து முப்பது நாள் ஆக்சிஜன் வாங்கினார். மாத்திரை மாத்திரையாக விழுங்கினார். போன வாரம் ரொட்டி மெல்லும்போது தாடை முறிந்தது. இனி செத்த எலும்பை வெட்டி எடுத்துவிட்டு, காலிலிருந்து ஒரு துண்டு எலும்பை எடுத்து அங்கே பொருத்த வேண்டும். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான்

(இந்த வாக்கியத்தை விட்டுவிட்டேன். புலம்பலாகப் போகிறது.)

3.

மூன்றாவது தொடக்கம்தான் உண்மை. அதனால்தான் எழுதக் கை வரவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் லூபெனுக்குத் தொண்டையில் புற்றுநோய். எங்கள் பல்கேரியக் குடும்பங்களில் அதை நோயாளியிடம் சொல்ல மாட்டோம். சொன்னால் மனசு விட்டுவிடுவார் என்ற பயம். "சுரப்பி வீக்கம், கதிர் காட்டிச் சுருக்குறாங்க" என்றேன். அப்போதைய மருத்துவரும் ஒத்து ஊதினார்.

நாளைக்குக் கொடுக்க வேண்டிய படிவத்தின் முதல் வரியிலேயே ‘புற்றுநோய்’ என்ற அந்தச் சொல் இருக்கிறது. "நானே கையெழுத்துப் போட்டுடறேனே" என்று அறுவை மருத்துவரிடம் கெஞ்சினேன்.

"நான் வெட்டப்போறது உங்க தாடையை இல்லம்மா" என்றார்.

4.

இங்கே கதை என் கையை விட்டுப் போயிற்று. அடுப்பில் பொங்கிய பீன்ஸ் சூப்பை இறக்கிவிட்டுத் திரும்பினால், லூபென் என் தாள்களைப் படித்துக்கொண்டிருக்கிறார், கையில் பென்சிலோடு. முப்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். முதல் தொடக்கத்தை முழுசாக அடித்திருந்தார்.

"அசென் மேல பழி போடாத." வாய் ஒரு விரல் அளவுதான் திறக்கிறது. "கழுத்துக்குக் கதிர் வச்சாங்களான்னு அவன் கேட்டான். நான்தான் இல்லன்னேன்."

"ஏன் அப்படிச் சொன்ன?"

"ஆமான்னா எதுக்குன்னு கேப்பான். அவனுக்குத் தெரிஞ்சா சாயங்காலத்துக்குள்ள தெருவுக்கே தெரியும். எனக்கு எல்லாம் தெரியும்னு உனக்கும் தெரிஞ்சு போகும். நீ அவ்வளவு கஷ்டப்பட்டு மறைச்சியே, ராட்கா."

"அட முட்டாள் மனுஷா! அதுக்காகத் தாடையைக் கொடுப்பியா?"

"பல்லு மட்டுந்தான் போகும்னு நெனச்சேன்."

கரண்டியைத் தூக்கி எறிந்தேன். பிறகு அழுதேன். அவர் படிவத்தைத் திருப்பி, முதல் வரியை விரல் வைத்துப் படித்துவிட்டு, "பேனா கொடு" என்றார்.

5.

கால் எலும்பு தாடையில் ஒட்டுமா, அவர் மறுபடி ரொட்டி மெல்வாரா என்றெல்லாம் எழுத எனக்குத் தெம்பில்லை. வாசகரே, முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நல்லதோ கெட்டதோ, ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள்: என்னைத் தனியாக மருத்துவமனை வராந்தாவுக்குக் கூப்பிட்டு அதைச் சொல்லாதீர்கள். உள்ளே வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.