பின்னால் இருந்தவள்

மேனகா சைக்கிளைப் போட்டுவிட்டுக் கரைக்கு ஓடி வந்தபோது, பெண்களில் அவளுக்கு முன்னால் யாரும் இல்லை. நாவுலயில் தொடங்கிய ஓட்டத்திலும் அவள்தான் முதல், காட்டுப் பாதையில் சைக்கிளிலும் அவள்தான் முதல். இனி மொரகஹகந்த நீர்த்தேக்கத்தைக் கயாக்கில் கடந்து, மறுகரையில் கொஞ்ச தூரம் ஓடினால் போட்டி முடிந்துவிடும்.

கரையில் படகுகளுக்குப் பொறுப்பாக நின்ற றினோஸ் கையைக் குறுக்கே நீட்டினான்.

"கொஞ்சம் நில்லுங்க மிஸ். தனி ஆள் போற கயாக் ஏத்துன லொறி வழியில நின்னுருச்சு. இங்க இருக்கிறது எல்லாம் ரெட்டை கயாக். வர்ற வரிசையில ரெண்டு ரெண்டு பேரா அனுப்பச் சொல்லியிருக்காங்க."

"அப்ப நான் முன்னுக்கு வந்தது?"

"ரெண்டாவது ஆள் வரட்டும் மிஸ். என் கையில ஒன்னும் இல்ல."

மேனகா பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வியர்வை ஆறி முதுகு குளிர்ந்தது. யார் வந்தாலும் பரவாயில்லை, அவள் மட்டும் வரக்கூடாது என்று நினைத்தாள். வந்தது அவள்தான்.

ஷெனாலி யட்டவத்தப் பக்கத்துத் தோட்டத்துப் பெண், இப்போது கண்டியில் ஒரு ஜிம்மில் வேலை. போன வருடம் இதே போட்டியில், ஓர் இறக்கத்தில் இருவரின் சைக்கிளும் மோதி மேனகாவின் மணிக்கட்டு முறிந்தது. மாத்தளையில் பாமசி ஒன்றில் வேலை செய்யும் அவள், அதன்பிறகு பல வாரங்கள் இடது கையால்தான் குளிசை எண்ணிக் கொடுத்தாள். வேண்டுமென்றே இடித்தாள் என்று மேனகா சொன்னாள். முன்னால் போன மேனகாதான் திடீரென்று பிரேக் பிடித்தாள் என்று ஷெனாலி சொன்னாள். இரண்டு பேரும் இதை ஊரெல்லாம் சொன்னார்களே தவிர, ஒருவரோடு ஒருவர் பேசியதில்லை.

உயரமானவள் என்பதால் ஷெனாலியைப் பின்னால் உட்கார வைத்தான் றினோஸ். மேனகா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"பேச வேணாம். துடுப்பை மட்டும் போடுங்க. அந்தக் கரையில பாத்துக்குவோம்."

கயாக் வழுக்கிக்கொண்டு இறங்கியது. முதலில் நன்றாகத்தான் போனது. நடுவுக்கு வந்ததும் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று பக்கவாட்டில் அறைந்தது. அலை முழங்காலில் அடித்தது. நீரில் மூழ்கிச் செத்த மரங்களின் உச்சிக் கொப்புகள் அங்கங்கே கருப்பாக நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றில் மோதாமல் ஒதுங்கிப் போக வேண்டியிருந்தது.

படகு கனத்தது. எவ்வளவு வலித்தாலும் நகரவில்லை. இவள் துடுப்பைச் சும்மா நனைத்துக்கொண்டு வருகிறாள், கடைசி ஓட்டத்துக்குக் கையையும் காலையும் மிச்சம் பிடிக்கிறாள் என்று மேனகாவுக்குத் தோன்றியது. தோன்றியதும் அது நிச்சயமாகிவிட்டது. பின்னால் "அக்கா" என்று ஒரு குரல் கேட்டது. காற்றில் இன்னொரு தரமும் கேட்டது. ஓய்வு கேட்கிறாள் போல என்று பல்லைக் கடித்துக்கொண்டு வலித்தாள்.

கயாக்கின் மூக்கு மெல்ல மேலே எழுந்தது. மேனகா ஆத்திரத்தோடு திரும்பினாள்.

"நீ துடுப்பு போடுறியா இல்லையா?"

ஷெனாலி இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தாள். பின்பகுதி முழுவதும் அமிழ்ந்திருந்தது. அவள் வலிப்பதை நிறுத்தவே இல்லை. உதடு வெளிறிப் போயிருந்தது.

"உள்ளுக்குத் தண்ணி போகுது. பின்னால தண்ணி வடிக்கிற ஓட்டைக்கு மூடி இல்ல. கைய விட்டுப் பாத்தேன்."

"ஏன் சொல்லல?"

"ரெண்டு தரம் கூப்பிட்டேன். நீங்கதானே பேச வேணாம்னு சொன்னீங்க!"

மேனகா சுற்றிலும் பார்த்தாள். காப்பாற்றும் படகு தொலைவில் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. விசில் ஊதினாள், காற்று அதை வேறு பக்கம் கொண்டுபோனது. வலது பக்கத்தில் புல் முளைத்த ஒரு மேடு தண்ணீருக்குள் நீண்டிருந்தது.

"அங்க விடு. நான் சொல்றபடி வலி. ஒன்னு... ரெண்டு..."

கயாக் சேற்றில் முட்டியபோது பின்பக்கம் கண்ணுக்கே தெரியவில்லை. இருவரும் இடுப்பளவு நீரில் இறங்கி இழுத்தார்கள். மூக்கைத் தோளுக்கு மேல் தூக்கிப் பிடித்ததும், பின்னால் இருந்த சின்னத் துவாரத்தின் வழியே தண்ணீர் நூல்போல வடியத் தொடங்கியது.

"இப்பிடிப் போனா விடிஞ்சிரும்" என்றாள் மேனகா.

"மெதுவாப் பேசுங்க அக்கா."

ஷெனாலி கண்ணால் காட்டினாள். புல்லில் ஆனை லத்தி கிடந்தது. அதிலிருந்து இன்னும் ஆவி போய்க்கொண்டிருந்தது. மேட்டுக்கு மேலே பற்றைக்குள் கொப்பு ஒன்று முறியும் சத்தம் கேட்டது.

தண்ணீர் இன்னும் வடிந்துகொண்டிருந்தது. படகைக் கீழே வைக்கவும் முடியவில்லை. அப்போது இன்னொரு கயாக் அவர்களை நெருங்கியது. அதில் போட்டியில் அடுத்து வந்த உக்குவளை ஆஸியாவும் ஒரு சிங்களப் பெண்ணும் இருந்தார்கள். உதவிக்கு வரத்தான் அவர்கள் கரைப் பக்கம் திருப்பினார்கள்.

"வராதீங்க!" ஷெனாலி ஒரு கையை வீசினாள். "இங்க ஆனை நிக்குது! அந்தப் பக்கமாப் போங்க!" மற்றவளுக்காகச் சிங்களத்திலும் கத்தினாள். "அலியா! என்ட எப்பா!"

அவர்கள் விலகிப் போனார்கள். முதல் இரண்டு இடங்களும் அவர்களோடு போயின. அதைத் தெரிந்துகொண்டுதான் இவள் கத்தினாள் என்பது மேனகாவுக்குப் புரிந்தது.

அந்தச் சத்தத்துக்கு ஆனை வெளியே வந்தது. தனி ஆண் ஆனை. காதுகளை விரித்து, தும்பிக்கையைத் தூக்கி மோப்பம் பிடித்தது. நடுவில் இருந்தது ஒரு சின்னப் புல்வெளிதான்.

ஷெனாலி குனிந்து ஒரு சப்பாத்தைக் கழற்றி, காலுறையைப் பிழிந்து முறுக்கித் துவாரத்துக்குள் திணித்தாள். விரல் வழுக்கியது. மறுபடி திணித்தாள்.

"போதும், வா" என்றாள் மேனகா. 

"இன்னும் கொஞ்சம் பிடிங்க. இது கழண்டா நடுவுல ரெண்டு பேரும் போயிருவோம்."

ஆனை இரண்டடி முன்னால் வைத்தது. மேனகாவின் கால்கள் தண்ணீரை நோக்கித் தாமாகவே திரும்பின. ஆனால் படகை அவள் விடவில்லை. ஷெனாலி வெறுங்காலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டு எழுந்ததும் இருவரும் தள்ளி ஏறி, பின்னால் பார்க்காமல் வலித்தார்கள். சேறு மிதிபடும் சத்தம் நீரோரம் வரை வந்து நின்றது.

பாதித் தண்ணீர் உள்ளேயே இருந்தது. இந்த முறை மேனகா ஓயாமல் கேட்டுக்கொண்டே வந்தாள். "எப்பிடி இருக்கு?" "நிக்குது அக்கா." "இப்ப?" "கொஞ்சம் ஏறுது. வலிங்க."

மறுகரையில் கயாக் தட்டியதும் இருவரும் ஒரே நேரத்தில் குதித்தார்கள். மூன்றாவது இடத்துக்குத்தான் கடைசிப் பதக்கம். மேனகா யோசிக்கவில்லை, ஓடினாள். ஷெனாலியும் ஓடினாள். சரளைப் பாதையில் தோளோடு தோளாகப் போனார்கள். கொடிகள் கட்டிய இடத்துக்கு முன்னால் மேனகாவின் கெண்டைச் சதை இழுத்துப் பிடித்தது. ஷெனாலி இரண்டு எட்டு முன்னால் போய்ச் சேர்ந்தாள்.

மேனகா மண்ணில் உட்கார்ந்தாள். அழுகை வந்தது. அதில் கோபமும் இருந்தது. ஷெனாலி வாளி ஒன்றின் பக்கத்தில் குனிந்து வாந்தியெடுத்தாள். பிறகு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். காலுறை இல்லாமல் ஓடியதில் அவளுடைய வலது குதிகால் உரிந்து சப்பாத்தெல்லாம் இரத்தமாக இருந்தது.

பதக்கம் கொடுக்க ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிட்டார்கள். அதோடு இன்னோர் அறிவிப்பும் வந்தது: பின்னேரம் பாடசாலைப் பிள்ளைகளின் போட்டி, அதற்காகக் கயாக்குகளை இப்போதே அக்கரைக்குக் கொண்டுபோகிறார்கள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"எழும்பு" என்றாள் மேனகா.

நொண்டிக்கொண்டே தண்ணீருக்கு இறங்கினார்கள். கயாக்குகளைக் கயிற்றில் கோத்துக்கொண்டிருந்தவர் என்ன என்று கேட்டார். "ஒன்னையும் எடுக்காதீங்க" என்று மேனகா சத்தமாகச் சொன்னாள். முதல் படகில் மூடி இருந்தது. அடுத்ததிலும் இருந்தது. அதற்கடுத்த நீலக் கயாக்கின் பின்னால் ஷெனாலி குனிந்து துவாரத்துக்குள் விரலை விட்டாள்.

"அக்கா, இதுலயும் இல்ல."

மேடையில் ஷெனாலியின் பெயரை மறுபடியும் கூப்பிட்டார்கள். மேனகா நீலக் கயாக்கின் கயிற்றை அவிழ்த்துக் கரைக்கு மேலே இழுத்தாள். ஷெனாலி பின்னால் நின்று தள்ளினாள்.