விழுந்து கிடப்பவன் வேஷம்

மீன் கிடங்கில் ஆபத்துக்காலப் பயிற்சி என்றாலே கிழட்டு ஃபிட்டருக்கு எரிச்சல் வரும். சைரன் ஊதுவார்கள். எல்லோரும் வாசலில் வந்து நிற்பார்கள். பாதுகாப்பு அதிகாரி விசிலைக் கடித்துக்கொண்டு தலை எண்ணுவார். அவருக்கு விசில் என்றே பேர் விழுந்துவிட்டது. காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டி முகமூடி போடப் பழகுங்கள் என்று அவர் கரடியாகக் கத்தியும், ஃபிட்டர் ஒரு தடவைகூட அதைத் தொட்டதில்லை. வேலை வெட்டி இல்லாதவன் கட்டிய கூத்து என்பது அவர் கட்சி.

அந்தக் கூத்தில் அவர் மருமகனுக்கு ஒரே வேஷம்: கம்ப்ரசர் அறையில் விழுந்து கிடப்பவன். தலையில் சிவப்புச் சாயத்தை அப்பிக்கொண்டு கிடப்பான். கிச்சுகிச்சு மூட்டினாலும் அசையமாட்டான். கிடங்கில் அவனை எல்லோரும் கூப்பிடுவதே பொணம் என்றுதான்.

அன்றைக்கும் சைரன் ஊதியது. சுமை தூக்குகிறவர்கள் சாவகாசமாக வெளியே வந்தார்கள்.

“உங்க மாப்ள இன்னிக்கு பிரமாதமா செத்திருக்காரு, மாமா” என்றான் ஒருவன். “எந்திரிடா பொணம், டீ ஆறுதுன்னு காலால தட்டிட்டு வந்தேன். அசையல. ஒரு காது வேற தொங்குது.”

“காது தொங்குதா?”

“ஆமா. எப்படித்தான் ஒட்டினாரோ.”

ஃபிட்டர் கையில் ஸ்பேனரோடு திரும்பினார். அவர் விசிலைப் பார்த்தார். விசில் முகம் வெளிறிப்போய் நின்றார். “நான் இன்னிக்குப் பயிற்சி வைக்கலயே. கம்ப்ரசர்ல ஏதோ தெறிச்சு, சைரன் தானா ஊதியிருக்கு” என்றார்.

அந்த நேரத்தில் உள்ளே குழாய் வெடித்தது. கிடங்கைக் குளிரவைக்கும் அம்மோனியா வாயு வெள்ளை மேகமாய்க் கதவு வழியே பீறிட்டது. முகமூடி போடப் பழகியவர்கள் அத்தனை பேரும் தெருவைப் பார்த்து ஓடினார்கள். ஃபிட்டர் மட்டும் கதவைப் பார்த்து ஓடினார். விசில் குறுக்கே வந்து அவர் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார்.

“சும்மா போனா ரெண்டு பொணமாயிடும். நில்லுங்க, நான்...”

நில்லு என்றது மட்டும்தான் ஃபிட்டர் காதில் விழுந்தது. கையிலிருந்த ஸ்பேனரால் வாய்மேலேயே ஓங்கி அடித்தார். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. மூன்று பற்கள் தரையில் விழுந்தன. விழுந்தவரின் முதுகில் சிலிண்டர் இருந்ததை ஃபிட்டர் அப்போதுதான் பார்த்தார்.

விசில் தட்டுத்தடுமாறி எழுந்து முகமூடியை மாட்டினார். இரண்டு மூச்சுக்குள் கண்ணாடிவரை ரத்தம் ஏறியது. பிய்த்து எறிந்துவிட்டுக் கக்கினார். தாடை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது.

“ஐயா, நான் பாவி” என்றார் ஃபிட்டர். “எப்படிப் போடணும்? எனக்குத் தெரியாதே.”

விசிலுக்குப் பேச வாயில்லை. கிழவரின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, சிலிண்டரை முதுகில் ஏற்றி, ரத்தம் வழிந்த முகமூடியைச் சட்டையால் துடைத்து அவர் முகத்தில் அழுத்தினார். வாரைக் காது அறுந்துபோகிற மாதிரி இறுக்கினார். வால்வைத் திருகிவிட்டு, கிழவரைக் கதவுப் பக்கம் ஒரு உதை விட்டுத் தள்ளினார்.

உள்ளே கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. வேர்த்திருந்த கழுத்திலும் அக்குளிலும் நெருப்பை வைத்து இழுத்தது போலிருந்தது. ஃபிட்டர் தரையைத் துழாவிக்கொண்டே போனார். கால் ஒன்று அகப்பட்டது. பிடித்து இழுத்தார். தோல் வழுக்கிக் கையோடு வந்தது. பெல்ட்டைப் பற்றி, மாட்டை இழுப்பதுபோல் தரதரவென்று இழுத்தார். வழியில் அவன் தலை இரண்டு தடவை இரும்பில் மோதியது. அவர் நிற்கவில்லை.

வெளியே விசில் தண்ணீர்க் குழாயோடு நின்றார். மருமகன் முகத்தில் பீய்ச்சினார். கண் இரண்டும் வேகவைத்த மாதிரி இருந்தன. நெஞ்சு அசையவில்லை. ஃபிட்டர் முகமூடியைக் கழற்றிவிட்டு அவன் நெஞ்சில் குத்தினார், திரும்பவும் குத்தினார். நாய் குரைக்கிற மாதிரி ஒரு இருமல் வந்தது. பின்னாலேயே இன்னொன்று வந்தது.

“மாமா, கண்ணு தெரியல” என்றான்.

“உசுரு இருக்குதுல்ல. பேசாமக் கெட.”

ஃபிட்டர் எழுந்து விசிலின் முன்னால் போய் நின்றார். விசில் குழாயைக் கீழே போட்டார். கையை மடக்கி, பலத்தையெல்லாம் சேர்த்து, கிழவரின் மூக்கில் ஒரு குத்து விட்டார். ஃபிட்டர் மல்லாந்து விழுந்தார். கையைத் தூக்கவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோய், மருமகனைக் கிடத்தியிருந்த ஸ்ட்ரெச்சரின் தலைப்பக்கத்தைப் பிடித்தார். கால்பக்கத்தை விசில் பிடித்தார்.