வேப்பம்பட்டு அருகில் ஒரு ஐபோன்

எனக்கு இது சரியாக நினைவிருக்கிறதா என்பதே சந்தேகம். அன்று பக்கத்து வீட்டில் இருந்த எனக்கு மழை தூறியதாக ஞாபகம். வெயில் கொளுத்தியதாகத் திலகவதி சொல்கிறாள். எது முதலில் நடந்தது, எது பிறகு என்பதிலும் எனக்குக் குழப்பம் உண்டு. அவள் கணவன் பார்த்திபனுக்கு மட்டும் எதிலும் குழப்பமில்லை. அவன் சொன்னபடியே சொல்கிறேன்.

பார்த்திபன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலையில் காண்ட்ராக்ட் ஆளாகக் கிரேன் ஓட்டினான். ஒருநாள் பகல் ஷிப்டில் அவன் தூக்கிய கம்பிக்கட்டு, ரோப் அறுந்து விழுந்தது. கீழே நின்ற பிபின் என்ற ஒடிசாக்காரன் அந்த இடத்திலேயே செத்தான்.

ரோப் பிரிபிரியாக நைந்திருப்பதைப் பார்த்திபன் சில நாட்களுக்கு முன்பே போனில் வீடியோ எடுத்திருந்தான். "தாங்கும் தாங்கும், நீ தூக்கு" என்று சூப்பர்வைசர் மோகன்ராஜ் அதட்டுவதும் அதில் பதிவாகியிருந்தது. மெக்கானிக்கிடம் காட்டலாம் என்று எடுத்தது. காட்டாமலே விட்டுவிட்டான்.

ஆம்புலன்ஸ் போன கையோடு மோகன்ராஜ் கையை நீட்டினான். "போன குடு நைனா. போலீஸ் கேக்கும். நான் பத்தரமா வெச்சிக்கிறேன்."

அது வருகைப் பதிவுக்காக காண்ட்ராக்டர் ஆபீஸ் கொடுத்த ஆண்ட்ராய்டு போன். கூகுள் கணக்கைக்கூட ஆபீசில் ஸ்நேகா என்ற பெண்தான் போட்டுக் கொடுத்திருந்தாள். பார்த்திபன் மறுபேச்சில்லாமல் போனைக் கொடுத்தான். மறுநாளே பேச்சு மாறியது. ரோப் நன்றாகத்தான் இருந்ததாம். ஓட்டியவன் கவனமில்லாமல் வெடுக்கென்று இழுத்துவிட்டானாம். விசாரணைக்குத் திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். அந்த வீடியோ இல்லையென்றால் பிபினைக் கொன்றவன் பார்த்திபன் என்றே முடிந்துவிடும்.

பொன்னேரி வீட்டைப் பூட்டிவிட்டுக் கணவனும் மனைவியும் வேப்பம்பட்டுக்கு வந்தார்கள். அது திலகவதியின் அண்ணன் துளசிராமன் வீடு. அண்ணி தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. அவளுடைய போனையும் அணைத்துப் பைக்குள் போட்டிருந்தாள்.

"வீடியோ அந்த போன்ல மட்டும் இல்ல மாப்ள, மேல ஏறியிருக்கும்" என்றான் துளசிராமன். ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். தவணையில் வாங்கிய தன் ஐபோனைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். "கூகுள் போட்டோஸ்ல உன் ஐடிய போட்டா வந்துடும்."

"அது கூகுளு. இது ஆப்பிளாச்சே மச்சான்?"

"அதெல்லாம் ஓடும். இன்னொண்ணு தெரியுமா? அவன் கைல கீறது வேற கம்பெனி போனு. இதுக்குள்ள அவனால எட்டிக்கூட பாக்க முடியாது."

அந்த வார்த்தை பார்த்திபனுக்கு ஆறுதலாக இருந்தது. வேறு கம்பெனி. வேறு ஊர் மாதிரி, வேறு கதவு மாதிரி. ஐடியையும் பாஸ்வேர்டையும் போட்டான். திரை ஒரு கணம் சுழன்று நின்றது. உங்கள் மற்றொரு போனைப் பாருங்கள், உள்நுழைவது நீங்கள்தான் என்றால் அதில் 'ஆம்' என்பதைத் தட்டுங்கள் என்றது.

துளசிராமன் குனிந்து அதை மறுபடி படித்தான்.

"மத்த போனுன்னா எதுங்க?" என்றாள் திலகவதி.

மோகன்ராஜின் மேஜை டிராயருக்குள் ஒரு வெளிச்சம் எழுவது பார்த்திபனுக்குக் கண்முன் தெரிந்தது. "அதுல இன்னா காட்டும் மச்சான்?"

"இன்னா போனு, எந்த ஏரியான்னு காட்டும்."

"எந்த ஏரியான்னு?"

"வேப்பம்பட்டு பக்கத்துல ஒரு ஐபோன்னு..."

பார்த்திபன் நிறுத்துவதற்கு விரலைக் கொண்டுபோனான். அதற்குள் திரை மாறியது. நல்வரவு என்றது. எங்கோ ஒரு விரல் 'ஆம்' என்பதைத் தட்டியிருந்தது.

படங்கள் திபுதிபுவென்று வந்து நிறைந்தன. வீடியோவும் இருந்தது. ஒருமுறை ஓடவிட்டார்கள். நைந்த ரோப், மோகன்ராஜின் குரல், எல்லாம் அப்படியே. திலகவதி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"மொதல்ல இதுல சேவ் பண்ணுங்க" என்றாள்.

பண்ணினான். இடமில்லை என்றது போன். துளசிராமன் தன் கிரகப்பிரவேச வீடியோக்களை அழிக்க உட்கார்ந்தான். "இது வாணாம், இதுல எங்க மாமியார் நல்லா கீறாங்க. இது... இரு, இத அழிச்சா உங்க அண்ணி என்ன அழிச்சுடுவா."

"அண்ணா! எதையாவது தள்ளுண்ணா!"

இரண்டு மூன்று போயின, போதவில்லை. திலகவதி எழுந்து ஓடி, பையிலிருந்த தன் போனை எடுத்து உயிர்ப்பித்தாள். திரையில் ஓடுவதை அதில் எடுத்துவிடலாம் என்று நினைத்தாள். அது விழித்துக்கொள்வதற்குள் இங்கே ஆல்பத்தில் ஓர் ஓட்டை விழுந்தது. அதற்குப் பக்கத்துப் படமும் போனது. யாரோ ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பிறகு வீடியோ இருந்த கட்டமும் மறைந்தது. குப்பைக்கூடையைத் திறந்து பார்த்தான். அதையும் காலி செய்திருந்தார்கள்.

துளசிராமன் தலையைப் பிடித்துக்கொண்டான். திலகவதி டீ போட்டு வந்து வைத்தாள். டீ ஏடு கட்டியது.

அப்போது ஆல்பத்தில் புதிதாக ஒரு படம் வந்தது. கார் கண்ணாடி வழியாக எடுத்த படம். செங்குன்றம் போகும் வழிகாட்டிப் பலகை.

"எந்திரிங்க, எங்கியாவது போயிடலாம்" என்றாள் திலகவதி.

போவதற்கு வேறு வீடில்லை என்பது அவளுக்கே தெரியும். துளசிராமன் கணக்கிலிருந்து வெளியேறப் போனான். பார்த்திபன் அவன் கையைப் பிடித்தான். "இருக்கட்டும் மச்சான். எங்க வந்துகினு கீறானுங்கன்னாவது தெரியும்."

அடுத்தது ஆவடி. அதற்குப் பிறகு திருநின்றவூர் ஏரி. பிறகு அவர்கள் தெருமுனை மளிகைக்கடை. கடைசிப் படத்தில், கேட்டுக்கு உள்ளே, திலகவதியின் செருப்புகள் இருந்தன.

மோகன்ராஜ் தனியாகத்தான் உள்ளே வந்தான். ஷூவைக் கழற்றிவிட்டு வந்தான்.

"கிரகப்பிரவேசத்துக்கு வந்தப்ப இந்தத் தெருவுல ரோடே இல்ல. இப்ப நல்லா கீது" என்றான். "தங்கச்சி, கொஞ்சம் தண்ணி குடும்மா."

அவள் கொடுத்தாள். அவன் நிதானமாகக் குடித்தான்.

"ஆப்பிள் போனா பார்த்தி? பாரு, உன் போனு டிராயர்ல சும்மா கெடந்துது. உள்ள இன்னா கீதுன்னு எனக்குத் தெரியவே தெரியாது. நீ தேட்றன்னு தெரிஞ்சப்புறம்தான் நானும் தேடுனேன். 'ஆம்'னு தட்டுனது நான்தான். உன் பொருள நீயும் ஒரு தபா பாத்துக்கன்னுதான்."

"ஒரு உசுரு போயிருக்கு சார்" என்றான் பார்த்திபன்.

"இன்னும் மூணு உசுரு இங்க குந்திகினு கீதே நைனா." மோகன்ராஜ் டம்ளரை ஓசைப்படாமல் கீழே வைத்தான். "நாளைக்குக் கவனம் தப்பிடுச்சுன்னு சொல்லிடு. காலைல வண்டி அனுப்பறேன்."

மறுநாள் பார்த்திபன் அப்படியே சொன்னான். வழக்கு பொன்னேரி கோர்ட்டில் நடக்கிறது. அவனுக்கு எந்த ஆலையிலும் கிரேன் வேலை கிடைப்பதில்லை, செங்கல் சூளையில் லோடு ஏற்றுகிறான். திலகவதி பிள்ளைப்பேற்றுக்கு அண்ணன் வீட்டுக்கு வந்தவள் இன்னும் திரும்பவில்லை. துளசிராமன் ஐபோனை விற்றுவிட்டான். ஸ்நேகா வேலையை விட்டு நின்று, கல்யாணமாகிச் சூலூர்ப்பேட்டையில் இருக்கிறாள். பிபினின் மனைவி உடலை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனாள். மறுபடி யாரும் அவளைப் பார்க்கவில்லை. மோகன்ராஜ் அதே ஆலையில் மேனேஜராக இருக்கிறான்.