மாடி அறைச் சீட்டு

அக்கா பதினோரு வருஷமாக அந்தக் கடலோர ஆசிரமத்துக்கு வந்துகொண்டிருந்தாள். வருஷத்துக்கு ஏழு நாள். பதினோரு வருஷமும் அவளுக்குக் கிடைத்த வேலை காய்கறி நறுக்குவது. தங்கை இந்த வருஷம்தான் முதல் தடவையாக வந்தாள், அதுவும் கடலைப் பார்க்கலாம் என்று. அவளுக்கு முதல் நாளே மாடி அறை கிடைத்துவிட்டது.

மாடி அறை என்றால் ஐயாவின் அறை. ஆசிரமத்தை நடத்தும் ஐயா பேச்சை விட்டு இருபது வருஷம் ஆகிறது. யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமென்று தோன்றினால் ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் எழுதிக் கொடுப்பார். அதுவும் எப்போதோ, யாருக்கோ. வாங்கியவர்கள் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருப்பதாகக் கேள்வி. அக்கா அப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. ஆனால் அவளுக்கு வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான். ஒரு துண்டுத் தாள், அதில் தன்னைப் பற்றி ஒரு வரி. முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துக் கொடுத்தவள் அவள். எல்லாருடைய வார்த்தையும் அவள் காது வழியாகப் போயிற்று. அவளுக்கென்று எதுவும் வரவில்லை.

ஆசிரமத்தில் வேலை பிரிப்பது வேடிக்கையாக இருக்கும். மத்தியானம் மணி அடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. அதனால் ஆபீஸ்காரர் விடியற்காலையில் செருப்பு அலமாரிக்கு வந்து, ஒவ்வொருவர் இடது செருப்பிலும் ஒரு சீட்டைப் போட்டுவிட்டுப் போவார். சீட்டில் பெயர் இருக்காது, வேலை மட்டும் இருக்கும். தியானம் முடிந்து வந்து, குனிந்து சீட்டை எடுத்து, வாயை மூடிக்கொண்டு போய் வேலையைப் பார்க்க வேண்டும்.

முதல் நாள் அக்காவின் செருப்பில் "காய்கறி." பக்கத்துச் செருப்பில் "மாடி அறை." தங்கை அந்தச் சீட்டைத் தூக்கிக் காட்டி, இது எந்தப் பக்கம் என்று கையால் கேட்டாள். அக்கா மாடிப்படியைக் காட்டினாள்.

தங்கை டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். தியானத்தில் குறட்டை விட்டவள். தண்ணீர்க் குழாயடியில் வாய்க்குள்ளேயே சினிமாப் பாட்டை முணுமுணுத்தவள். இவளுக்கு மாடி அறையாம். அன்று அக்கா நறுக்கிய பீன்ஸ் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் விழுந்தது.

மத்தியான மணி அடித்ததும் நேரே தங்கையிடம் போனாள்.

"என்னடி செஞ்சே மேல?"

"ஜன்னல் துடைச்சேன். உப்புக் காத்துல கண்ணாடியெல்லாம் பிசுபிசுன்னு இருக்கு. அப்புறம் பெருக்கினேன்."

"ஐயா?"

"இருந்தாரு."

"ஏதாவது எழுதிக் குடுத்தாரா?"

தங்கை கொஞ்சம் யோசித்தாள். "குடுத்தாரு. ரூம்ல இருக்கு. சாயங்காலம் காட்டறேன்."

சாயங்காலம் காட்டினாள். கோடு போட்ட தாளில் சின்னச் சின்ன எழுத்தில் ஒரு வரி: "நீங்கள் செய்யும் வேலை சுத்தமாக இருக்கிறது."

"நல்லா இருக்கு" என்றாள் அக்கா. பொறாமையை மறைப்பதில் அவளுக்குச் சாமர்த்தியம் போதாது, காது சிவந்துவிடும். அன்றைக்கும் சிவந்தது.

இரண்டாம் நாளும் மாடி அறை தங்கைக்குத்தான். மூன்றாம் நாளும். ஆபீஸ்காரரிடம் கேட்டதற்கு, "அதெல்லாம் ஒண்ணும் கணக்கு இல்லம்மா, படியேற முட்டி வலி இல்லாதவங்களா பாத்துப் போடறோம்" என்றார். அக்காவுக்கு முட்டி வலி இருந்தது. பதினோரு வருஷம் முன்னால், முதல் நாள் பூர்த்தி செய்த படிவத்தில் அவளே எழுதிக் கொடுத்தது. அது தெரிந்த பிறகு எரிச்சல் இரட்டிப்பானது.

மூன்றாம் நாள் வந்த துண்டுதான் அவளைத் தூங்கவிடாமல் செய்தது. "நீங்கள் எப்போதோ வந்திருக்க வேண்டியவர்." எப்போதோ வந்தவள் இங்கே கேரட் நறுக்கிக்கொண்டிருக்கிறாள் என்று அந்த ஐயாவுக்கு யாராவது சொல்லக் கூடாதா? தங்கை அதைப் படித்துக் காட்டிவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டே அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பெருமை பீற்றிக்கொள்ள வந்துவிட்டாள் என்று அக்கா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். அக்கா வரிசையில் நிற்பாள், தங்கை நேரே போய் வாங்கி வருவாள்.

ஆறாம் நாள் காலை தியானத்தில் எல்லாரும் கண்ணை மூடியிருந்தபோது அக்கா எழுந்து வெளியே வந்தாள். செருப்பு அலமாரியில் "மாடி அறை" ஆறாவது நாளாகத் தங்கையின் செருப்பிலேயே இருந்தது. மறுநாள் ஊருக்குப் பஸ். அவள் இரண்டு சீட்டையும் மாற்றி வைத்தாள். பதினோரு வருஷத்தில் அந்த இடத்தில் அவள் செய்த முதல் திருட்டு அது. இரண்டாவது அரை மணி நேரத்துக்குள் நடந்தது.

படி ஏறும்போது முட்டி கழன்றுவிடும் போல வலித்தது. மாடி அறையில் ஒரு கட்டில், ஒரு மேஜை, கடலைப் பார்த்த ஒரு நாற்காலி. ஐயா இல்லை, குளிக்கும் அறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. மேஜைமேல் ஒரு வெள்ளைத் தாள் கட்டும் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பென்சில் துண்டும் இருந்தன. ஐயா மாதம் ஒரே ஒரு பென்சில்தான் வாங்கிக்கொள்வார், அதையும் நாலாக வெட்டி ஒவ்வொன்றாகத் தீர்ப்பார் என்பது ஆசிரமத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அதில் ஒன்று.

அக்கா ஜன்னலைத் துடைத்தாள். பெருக்கினாள். ஒரு வரியும் கிடைக்காவிட்டால் இதுவாவது இருக்கட்டும் என்று தோன்றியது. தோன்றியதும் கை போய்விட்டது. பென்சில் துண்டை முந்தானை நுனியில் வைத்து இரண்டு முடிச்சாகப் போட்டு இடுப்பில் செருகினாள்.

ஐயா தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். பக்கத்தில் பார்க்கும்போது சாதாரண மனிதராகத்தான் இருந்தார், காதில் சோப்பு நுரை ஒட்டியிருந்தது. அவளைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார், இந்தத் தடவை அடையாளம் தெரிந்தவர் மாதிரி. விரலை உயர்த்தி, கொஞ்சம் இரு என்று காட்டிவிட்டு மேஜைக்குப் போனார்.

தாளை இழுத்தார். கை பென்சிலைத் தேடியது.

தாள் கட்டைத் தூக்கிப் பார்த்தார். சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தார். இழுப்பறையைத் திறந்தார், அது காலியாக இருந்தது. இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார். அவர் குனிகிறபோது தான் மட்டும் நிற்பது நன்றாக இருக்காது என்று அக்காவும் குனிந்தாள். அவரோடு சேர்ந்து, நாலு காலில், தன் இடுப்பில் இருக்கும் பென்சிலைத் தரையெல்லாம் தேடினாள். எடுத்துக் கட்டிலடியில் போட்டு, இதோ என்று நீட்டிவிடலாம். ஆனால் முடிச்சு இரண்டு, அதுவும் ஈரக்கையால் இறுக்கிப் போட்டது. அவர் கண்ணெதிரில் முந்தானையை அவிழ்த்துக்கொண்டு எப்படி நிற்பது? அவமானத்தில் அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. பதினோரு வருஷமாகக் கேட்ட வரி அவர் விரல் நுனி வரைக்கும் வந்து நிற்கிறது, அதை அவளே இடுப்பில் முடிந்து வைத்திருக்கிறாள்.

ஐயா எழுந்து இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். போகட்டும் என்று சிரித்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கடலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அவள் கீழே இறங்கும்போது மணி அடித்தது. படியடியில் தங்கை, கையெல்லாம் கேரட் நிறத்தோடு.

"நீ ஏன் மேலேயிருந்து வர்றே? என்னைக் காய் நறுக்கப் போட்டுட்டாங்க."

"மாத்திட்டாங்க போல."

"அப்படியா." தங்கை குரல் ஒரு மாதிரி இருந்தது. "ஏதாவது எழுதிக் குடுத்தாரா?"

"ஏன், எனக்குக் குடுக்க மாட்டாரா? குடுத்தாரு."

"காட்டு."

"சாப்பிட்டுட்டு வா. ரூம்ல வச்சுக் காட்டறேன்."

அக்கா சாப்பிடவில்லை. ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். உப்புக் காற்றில் தாழ்ப்பாள் துருப்பிடித்து விழுந்து பல வருஷம் ஆகிறது. பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்தாள். பென்சில் இருக்கிறது, தாள் வேண்டும், தங்கை காட்டிய தாள் மாதிரி கோடு போட்டது. தங்கையின் பையில் டிரைவிங் ஸ்கூல் வருகைப் பதிவு நோட்டு ஒன்று கிடந்தது. அதில் கோடு இருந்தது. கடைசிப் பக்கத்தைக் கிழித்து மடியில் வைத்து எழுதினாள்: "நீங்கள்."

அதற்குமேல் ஓடவில்லை. நீங்கள் நல்லவர் என்றா? நீங்கள் பொறுமைசாலி என்றா? சீட்டை மாற்றி, பென்சிலைத் திருடிக்கொண்டு வந்தவளுக்கு அதை எழுதக் கை வரவில்லை. இன்னொரு தாள் கிழிக்கலாம் என்று நோட்டைப் புரட்டினாள்.

நடுப்பக்கத்திலிருந்து மூன்று பென்சில் துண்டுகள் கட்டிலில் உருண்டன.

அந்தப் பக்கம் முழுக்க அடித்தல் திருத்தல். "நீங்கள் நன்றாகப் பெருக்குகிறீர்கள்" என்று எழுதி அடித்திருந்தது. "நீங்கள் செய்யும் வேலை" என்று எழுதி அடித்திருந்தது. எல்லாம் அதே சின்னச் சின்ன எழுத்து.

கதவு திறந்தது. தங்கை கட்டிலைப் பார்த்தாள், மூன்று துண்டு. அக்காவின் கையைப் பார்த்தாள், நாலாவது. மடியில் "நீங்கள்."

கதவைச் சாத்திவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"முதல் நாள் நீ வந்து கேட்ட பாரு," என்றாள் தங்கை, "அவரு என்னைத் திரும்பிக்கூடப் பாக்கலைன்னு உன்கிட்ட சொல்ல முடியல. பதினோரு வருஷமா நீ 'உனக்கு இதெல்லாம் புரியாது'ன்னு என்கிட்ட சொல்லிட்டே இருந்தியா. நீ அழகா இங்க வந்து கண்ணை மூடி உக்காந்துக்கறே. எனக்கு அது வரல. பொறாமையா இருந்துச்சு."

"அஞ்சு நாளும் ஒண்ணுமே எழுதலையா?"

"ஒரு எழுத்துகூட இல்ல. கோவத்துல இழுப்பறையில இருந்த மூணு துண்டையும் முதல் நாளே எடுத்துட்டு வந்துட்டேன்." பிறகு அக்காவின் மடியைப் பார்த்துச் சிரித்தாள். "நீயும் நீங்கள்னுதான் ஆரம்பிச்சியா."

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. "எனக்கு எழுத வந்தாருடி."

"நானும் அப்படித்தான் சொன்னேன்."

"இல்ல. நெசமா. என்னைப் பாத்துட்டு, இருன்னு சொல்லிட்டு, தாளை எடுத்தாரு. பென்சில் இல்ல."

தங்கையின் சிரிப்பு மெல்ல நின்றது. அக்காவின் காதைப் பார்த்தாள். பொய் சொன்னால் சிவக்கும் காது அல்ல அது, பொறாமைக்குச் சிவக்கும் காது. இப்போது சிவக்கவில்லை, பொறாமைப்பட இனி அவளுக்கு ஒன்றுமில்லை. சிவந்தது தங்கையின் முகம்தான்.

"உனக்கு மட்டுமா?" என்றாள்.

அந்த முகத்தைப் பார்க்க ஆறு நாளாக அக்கா எவ்வளவோ ஏங்கியிருந்தாள். இப்போது பார்த்தாள். இனித்தது, இல்லையென்று சொல்ல முடியாது.

"என்ன எழுதியிருப்பாரு?"

"தெரியல."

"நாளைக்கு பஸ்ஸு. இப்பவே மேல போய்க் கேளேன்."

அக்கா எழுந்தாள். செருப்பு மாட்டிக்கொள்ளப் போகிறவள் மாதிரி கதவு வரைக்கும் போனாள். பிறகு திரும்பிக் கட்டிலில் கிடந்த மூன்று துண்டையும் தன் கையிலிருந்த நாலாவதையும் பார்த்தாள்.

"எதை வச்சுடி எழுதுவாரு?"